மீன் என்று இருக்கும் இடமெல்லாம்

நாவல் எழுத வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் பேச்சைக் கேட்டு வந்தீர்களோ தெரியவில்லை. கண்டியில் இருந்துகொண்டு தமிழில் நாவல் எழுதி, ஓய்வு பெற்றவன் நான். நாவலாசிரியனுக்கு ஏது ஓய்வு என்று சிரிக்காதீர்கள். ஒருநாள் எழுதுவதை நிறுத்தினேன். நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தொழிலில் ஓய்வு என்றால் அவ்வளவுதான்.

உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. என் கடைசி நாவலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எடுப்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அம்பிட்டியவில் வீடு. விடிந்ததும் மேசையில் உட்கார்ந்துவிடுவேன். கண்டிக்கு இறங்கும் பஸ் வரும்வரை நாவல். அதற்குப் பிறகு வயிற்றுப்பிழைப்பு. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில், சிங்களப் பத்திரங்களைத் தமிழுக்கும் தமிழ்ப் பத்திரங்களைச் சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுக்கும் வேலை. பிறப்பு, இறப்பு, காணி உறுதி என்று வரும். அங்கே ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய காணி இன்னொருவர் கைக்குப் போய்விடும். அந்தப் பயம் மெல்ல மெல்ல நாவலுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. ஒரு சொல் சரியாக உட்காரவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி அலுத்துக்கொள்வாள்.

"கோர்ட்டு வேலையைக் கோர்ட்டோட வச்சிட்டு வாங்க. சோத்துத் தட்டுல யாரும் உங்ககிட்ட சத்தியம் கேக்கல."

எனக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. ஆதிகாலத்துக் கடற்பிராணிகள். பல் வைத்தியர் ஒருவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கற்பலகையில் பதிந்த எலும்புக்கூடு. நீண்ட மூக்கு, துடுப்பு, பெரிய கண்குழி. பார்வைக்கு மீன்தான். அதன் வயிற்றுக்குக் கீழே இன்னொரு சின்ன எலும்புக்கூடு, பாதி உள்ளே, பாதி வெளியே. குட்டி போடும்போதே செத்து, அப்படியே கல்லாகிவிட்ட தாய். பல்வலியை மறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த பிறகு உடல் அழுகும்போது குட்டி வெளியே தள்ளப்பட்டிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு என்பதைப் பிறகு வாசித்தேன். அது என் மனதுக்கு ஒப்பவில்லை.

கண்டியில் இருந்துகொண்டு இந்தப் பைத்தியம் பிடிப்பது வீண்வேலை. நம் மலைக் கற்களில் ஓர் எலும்புத் துண்டுகூடக் கிடைக்காது. திகனைப் பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்களே, அது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு. ஆனால் அந்தப் பிராணிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பூமிக்குள் அழுந்தி, வெந்து, உள்ளே இருந்த எல்லாம் அழிந்துபோன கல். கடல் இருந்தது, ஒரு தடயமும் இல்லை. இது தெரிந்தும் திகனைக்குப் போய் வெட்டிப்போட்ட கற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறேன். இந்த ஊரில் எழுதுகிறவனுக்குக் கல்லே முன்கூட்டிப் பதில் சொல்லிவிட்டது என்று அப்போது நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் படத்தில் மயங்கிப்போன ஒரு கண்டிப் பள்ளிக்கூட ஆசிரியரைப் பற்றியதுதான் என் கடைசி நாவல். முதல் பிரதியில் அந்தப் பிராணிக்கு 'ஆதிமீன்' என்று பெயர் வைத்திருந்தேன்.

என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே மனுஷி கெலிஓயாவில் இருந்தார். நசீரா. வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு கல்யாணக் கார்டு, பள்ளிவாசல் அறிவித்தல், என் நாவல்கள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுப்பார். சனிக்கிழமைகளில் எழுதிய தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் கணவர் தேநீரை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். நசீரா தட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"சேர், இது மீன்தானே? நீங்க காட்டின படத்துலயும் மீன் மாதிரித்தானே ஈக்கி?"

"மீன் இல்லம்மா. இது மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போற சாதி. முட்டையும் போடாது, குட்டிதான்."

"அப்ப எங்களப் போல."

"நம்மளப் போலதான்."

"அப்ப ஏன் சேர் மீன் எண்டு எழுதி ஈக்கீங்க? பாவமில்லயா?"

அன்று வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. மீன் என்ற சொல் தப்பு. ஊர்வன என்று எழுதினால் பாடப்புத்தக வாடை அடிக்கும். கடைசியில் 'ஆதிப்பல்லி' என்று வைத்தேன். பல்லியும் முழுச்சரி இல்லைதான். ஆனால் இரண்டு தப்புகளில் எது குறைந்த தப்பு என்று பார்த்து எடுப்பதுதானே என் பகல்நேர வேலை.

நாவல் முக்கால்வாசி முடிந்திருந்தபோது நசீராவின் மகள் ரிஸ்மியா மௌத்தானாள். தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கவேயில்லை. யார் மீதும் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, எல்லோரும் செய்யக்கூடியதைச் செய்தார்கள் என்றுதான் நசீரா எப்போதும் சொல்வார். செய்தி கேட்டு நான் கெலிஓயாவுக்குப் போனேன். வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஆண்களோடு நானும் உடலைச் சுமந்துபோன சந்தூக்குக்குப் பின்னால் மையவாடிவரை நடந்து, மதிலோரமாக நின்றேன். தாயையும் பிள்ளையையும் ஒன்றாக அடக்கினார்கள்.

பல வாரங்கள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது? பிறகு நசீராவே கூப்பிட்டு அனுப்பினார். கணினிக்கு மேல் துணி மூடியிருந்தது.

"சேர், நீங்க மையவாடிக்குப் போனீங்கதானே?"

"போனேம்மா."

"பொம்பளைங்க நாங்க போறல்லதானே. அங்க என்ன நடந்திச்சி எண்டு ஒத்தரும் எனக்குச் சரியாச் செல்லல்ல. இவர்ட கேட்டா அழுறாரு. நீங்க செல்லுங்க."

சொன்னேன். குழியின் ஈரம், மண்ணைக் கைப்பிடியாக அள்ளிப் போட்டவர்கள், தலையில் கைக்குட்டை கட்டியிருந்த சின்னப் பையன்கள், மௌலவி துஆ ஓதியது, அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் எல்லோரும் ஒரே குரலில் ஆமீன் சொன்னது. நசீரா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத எழுதுங்க" என்றார்.

எழுதினேன். நாவலில் அந்த ஆசிரியர் பக்கத்துவீட்டுப் பெண்ணின் அடக்கத்துக்குப் போகிறார் என்று ஓர் அத்தியாயம். கணினி மேலிருந்த துணியை எடுத்துவிட்டு நசீரா அதைத் தட்டச்சு செய்தார். திரும்பி வந்த தாளைப் பார்த்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. 'எல்லோரும் ஆமீன் சொன்னார்கள்' என்று ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தேன். அவரோ துஆவின் ஒவ்வொரு வரிக்குக் கீழும் தனியாக, ஆமீன், ஆமீன் என்று பக்கம் முழுவதும் இறக்கியிருந்தார்.

"நீங்க ஒரு தரந்தான் எழுதி ஈந்தீங்க. ஒவ்வொரு துஆவுக்கும் ஒவ்வொரு ஆமீன் ஈக்கணும் சேர்."

எழுத்தில் அது நீளம்தான். வேறு யாராவது செய்திருந்தால் அடித்திருப்பேன். அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. தம்பிமாரே, தங்கச்சிமாரே, இத்தனை வருடத்தில் நான் சரியாக எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

கம்பளையில் ஓர் அச்சகம். முதலாளி எனக்கு நெடுநாள் பழக்கம், நல்ல மனுஷன், அவசரக்காரர். பிரதி முழுவதும் 'ஆதிமீன்' வந்த இடங்களை நானே கையால் திருத்திக் கொடுத்தேன். ஆனாலும் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று பயம். தொலைபேசியில் சொன்னேன், எங்கேயாவது மீன் என்று மிஞ்சியிருந்தால் பல்லி என்று மாற்றிவிடுங்கள் என்று. "அதுக்கென்ன சேர், ஒரு பட்டனைத் தட்டினா மீன்னு இருக்கிற இடமெல்லாம் தானா மாறிடும்" என்றார். பட்டன் என்ற சொல்லில் நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளியீட்டு விழா கம்பளையில் ஒரு மண்டபத்தில். பிற்பகல் கூட்டத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். நசீராவும் கணவரும் கெலிஓயாவிலிருந்து வந்து கதிரைகளை ஒழுங்குபடுத்த உதவினார்கள். முதலாளி புத்தகக் கட்டுகளை இறக்கி, ஒரு பிரதியை எடுத்து நடுவில் விரித்தார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"சேர், உங்க வாத்தியாரு பல்லிக்கொழம்பு ஊத்திச் சாப்பிடுறாரே!"

எட்டிப் பார்த்தேன். ஆசிரியர் சம்பாச் சோற்றில் பல்லிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் சில பக்கம் தள்ளி, மகாவலிக் கரையில் ஒரு பல்லிகொத்தி உட்கார்ந்திருந்தது. வானத்தில் விண்பல்லிகள் மின்னின. பட்டன் தன் வேலையைச் செய்திருந்தது. நானும் சிரித்தேன். இதற்கு முன் என் நாவல் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. நசீராவின் கணவர்கூட, மகள் போன பிறகு அன்றுதான் சிரித்தார்.

நசீரா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு பிரதியைக் கையில் எடுத்து, தேடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமீன் என்ற சொல்லுக்குள் மீன் இருக்கிறது. இத்தனை வருடம் தமிழ் எழுதியவன், அதுவரை அதைக் கண்டதில்லை. பக்கம் முழுவதும், துஆவின் ஒவ்வொரு வரிக்குக் கீழும், ஆபல்லி, ஆபல்லி என்று இறங்கியிருந்தது.

நசீரா புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

முதலாளி என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"சேர், இது சும்மா பிழை இல்ல. நீங்க வேற மதம், எழுதினது அவங்க துஆ. யாராச்சும் இந்தப் பக்கத்தைப் போன்ல படம் புடிச்சுப் போட்டா நீங்களும் நானும் ஊர்ல இருக்க முடியாது. அந்தம்மா தட்டினதுன்னு தெரிஞ்சா அவங்க நெலம இன்னும் மோசம்."

"என்ன செய்யலாம்?"

"ஒரே ஒரு தாள். பிளேடால கீறி எடுத்துடுவோம். தடமே தெரியாது. கதையும் முன்னுக்குப் பின்னுக்கு ஒட்டிக்கும்."

அந்த யோசனை எனக்கு நல்லதாகத்தான் பட்டது. கதை உண்மையாகவே ஒட்டிக்கொள்ளும். மனதுக்குள் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தேன், தையல்கூடத் தெரியவில்லை. பிறகு நசீராவின் பக்கம் பார்த்தேன். அவர் மகளின் மையவாடிக்குப் போன ஒரே வழி அந்தத் தாள். அதைக் கீறி எடுத்துத் தேநீர்க் கோப்பைகளோடு குப்பையில் போடச் சொல்கிறார் ஒரு நல்ல மனுஷன், எல்லோருடைய நன்மைக்காகவும். அவசரத்தில் வரும் யோசனைகள் பெரும்பாலும் இப்படித்தான் சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருப்பதாலேயே சந்தேகப்படுங்கள்.

"தாளை எடுக்க விடமாட்டேன்" என்றேன். "பேனை இருக்கா?"

"விருந்தாளிங்க வந்துருவாங்க சேர்!"

"காத்திருக்கட்டும்."

நசீரா தலையை நிமிர்த்தினார். "கறுப்புப் பேனை" என்றார். "நீலம் வாணாம்."

நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். நாங்கள் மூவரும் பக்கத்தைத் திறந்து நீட்டுவோம். நசீரா மட்டும்தான் எழுதினார். பல்லி மேல் ஒரு கோடு, அதற்கு மேலே பொடியாக மீன். அவருடைய கையெழுத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அழகான கையெழுத்து. பல்லிக்குழம்பையும் விண்பல்லியையும் யாரும் திருத்தவில்லை, அதற்கு நேரமும் இல்லை, மனதும் இல்லை. விருந்தாளிகள் வந்து, நின்று, கடிகாரத்தைப் பார்த்து, முணுமுணுத்தார்கள். கடைசிக் கட்டு முடிந்த பிறகே விளக்கேற்றினோம். தலைமை உரையாற்றியவர் இந்நாவலை மீனவர் வாழ்க்கையின் கண்ணீர்க் காவியம் என்று புகழ்ந்தார். மீன் போலத் தெரிந்த அட்டைப்படத்தைத் தாண்டி அவர் வரவில்லை. தேநீர் முடிந்ததும் கூட்டம் கலைந்தது.

ஆனால் மண்டபத்துக்கு வராத பிரதிகளும் இருந்தன. கொழும்பில் ஒரு கடைக்கும், சில நூலகங்களுக்கும், தெரிந்தவர்களுக்கும் முதலாளி முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார். திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டோம். பார்க்கிறோம் என்றார்கள், ஒன்றும் வரவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் என் தொலைபேசி எண் இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் மனைவியை எடுக்கச் சொன்னேன். வாழ்நாள் முழுவதும் வாசகனுக்காக ஏங்கியவன், யாரும் வாசித்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன்.

என் கும்பிடு பலித்தது. யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமைகளில் நசீரா கேட்பார். "யாராவது கேட்டாங்களா சேர்?"

"இல்லம்மா. கவலப்படாதீங்க."

மாதங்கள் போயின. கேள்வியும் அதேதான், பதிலும் அதேதான். ஒவ்வொரு தடவையும் நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு சனிக்கிழமை, "ஒருத்தரும் கேக்கல, இனிப் பயமில்ல" என்று சொல்லிச் சிரித்தபோது அவர் அழ ஆரம்பித்தார். அடக்கத்தன்று வீட்டுக்குள் அழுதிருப்பார், நான் பார்க்கவில்லை. இப்போது என் முன்னால் அழுதார்.

"அப்ப ஒத்தரும் வாசிக்கல்லதானே சேர்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் அந்த ஆமீன் எல்லாத்தையும் தனித்தனியா அடிச்சது எதுக்கு எண்டு நெனச்சீங்க? வாசிக்கிறவங்க அந்த எடத்துக்கு வந்தா அவங்கட வாயால ஒரு ஆமீன் செல்லுவாங்க. எங்கட ஆக்கள் எண்டா செல்லாம ஈக்க ஏலா. எங்கயோ ஈக்கிற ஒத்தர், எண்ட புள்ளயத் தெரியாத ஒத்தர், அவளுக்காகச் செல்லுவாரு. புஸ்தகம் ஈக்கிற காலமெல்லாம் செல்லிக்கிட்டே ஈப்பாங்க எண்டுதான் நெனச்சேன். பிழைய ஒத்தரும் காணல்ல எண்டா, அந்த எடத்துக்கு ஒத்தரும் வரவேயில்ல."

புத்தகம் எதற்கு என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த அம்மா வைத்திருந்த நம்பிக்கையில் பத்தில் ஒரு பங்கு எனக்கு என்றும் இருந்ததில்லை. அந்த நம்பிக்கையை அவர் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அச்சுப்பிழையால் அல்ல. வாசிக்க ஆளில்லாததால். அதற்குப் பேனையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதன் பிறகு நான் எழுதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கண்டியில் ஒரு நூலகத்துக்கு வேறு வேலையாகப் போனேன். தமிழ் அலுமாரியில் என் நாவல். திருத்தாத பிரதி. ஓரம் சரியாக வெட்டப்படாமல் சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. அந்தப் பக்கமும் ஒட்டியிருந்தது. விரலால் பிரித்தேன். ஆபல்லி, ஆபல்லி.

கறுப்புப் பேனை சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பிழை அங்கே இருக்கும்வரை, என்றைக்காவது ஒருவர் வாசித்தால் ஆத்திரப்பட்டுக் கூப்பிடுவார். அந்த ஆத்திரம் ஒன்றுதான் என்னைத் தேடி வரக்கூடிய வாசகன். திருத்திவிட்டால் அதுவும் வராது. புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் கெலிஓயாவுக்குப் போய் நசீராவிடம் சொன்னேன்.

"திருத்திடுங்க சேர்."

"திருத்தினா யாரு வாசிச்சாங்கன்னு நமக்குத் தெரியவே வராதும்மா."

"எங்களுக்குத் தெரியத் தேவல்லயே. அவங்க செல்லிட்டுப் போனாப் போதும்."

அடுத்த நாளே போனேன். அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்ற அறிவித்தலுக்கு நேர் கீழே, திருத்தினேன். வருடக்கணக்கில் அந்த நாவலிலிருந்து விரட்டி விரட்டி எடுத்த சொல்லை என் கையாலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி வைத்தேன். மீன். மீன். மீன்.

நீங்கள் எழுதுவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. எழுதினால், ஒரு பக்கத்தையாவது யாராவது உங்களை நம்பி ஒப்படைப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு ஆள் வந்ததா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அதைத் தாங்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கத்தின் கடைசி வரியைத் திருத்தி முடித்தபோது வாய் தானாக ஆமீன் என்று சொல்லிவிட்டது. வேறு யாரும் சொன்னதாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை.